மகளின் சிட்னி வீட்டுப் பத்திரத்தில் 'கம்பர்லேண்ட் கவுண்டி' என்று இருக்கிறது: இது எந்த இடம்?

தக்கலை டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் சிட்னியில் பிளாக்டவுன் பக்கம் ஒரு வீடு வாங்கியிருக்கிறார்கள். மகள் அனுப்பிய பதிவு நகலில் நில விவரம் இப்படி வருகிறது: முதலில் லாட் எண், அப்புறம் ஒரு பிளான் எண், பிளாக்டவுன் என்று ஊர், அதே பெயரில் நகராட்சி. அதுவரை புரிகிறது. அதற்கு அடுத்த வரியில் 'பிராஸ்பெக்ட் பாரிஷ், கம்பர்லேண்ட் கவுண்டி' என்று இருக்கிறது. மகளிடம் கேட்டால், "அம்மா, இங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை" என்கிறாள். வக்கீலோ அது பழைய வழக்கம், கண்டுகொள்ள வேண்டாம் என்றாராம்.

எனக்கு அப்படி விட்டுவிட மனசில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஆதாரம், அதாவது நிலப்பத்திரம், ஒன்று இருக்கிறது. மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூர் முத்திரைத்தாள். கல்குளம் தாலுகா என்று தொடங்கி, பகுதி, தேசம், முறி என்று வரிசையாக இறங்கும். இந்தப் பகுதியும் முறியும் இப்போது எந்த அலுவலகத்திலும் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் பாகப்பிரிவினை வந்தபோது அந்த வரிகளை வைத்துத்தான் எங்கள் நிலம் எது என்று காட்ட முடிந்தது. பத்திரத்தில் ஒரு சொல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவள் நான்.

இந்தக் கவுண்டி எங்கே இருக்கிறது, யார் உண்டாக்கியது, இன்றைக்கும் ஏன் எழுதுகிறார்கள்? இன்னொரு கவலையும் உண்டு. பத்திரம் என்று எதையும் கையில் தரவில்லையாம், எல்லாம் கணினியில்தான் என்கிறார்கள். அது சரிதானா?

மார்த்தாண்டம்காரன்:

டீச்சர், கம்பர்லேண்ட் என்பது சிட்னியில் ஒரு நகராட்சி. என் மாமா மகன் மெரிலேண்ட்ஸில் இருக்கிறான், அந்த ஊர் அதில்தான் வருகிறது. பிளாக்டவுன் தனி நகராட்சி. ஒரே பத்திரத்தில் இரண்டும் எப்படி வரும்? வக்கீலிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூதப்பாண்டி சர்வேயர்:

டீச்சர், பயப்பட ஒன்றுமில்லை. பத்திரம் சரியாகவே இருக்கிறது. தம்பி சொல்லும் கம்பர்லேண்ட் நகராட்சி 2016-ல் பழைய நகராட்சிகளைச் சேர்த்து உண்டாக்கியது. உங்கள் மகள் பத்திரத்தில் இருப்பது அதைவிட 228 வருடம் மூத்தது.

நான் சர்வே துறையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கமெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவன். ஓய்வுக்குப் பிறகு, சிட்னி இருக்கும் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் பழைய பாரிஷ் (கவுண்டியின் உட்பிரிவு) வரைபடங்களை இணையத்தில் பார்ப்பது எனக்குப் பெரிய ஈடுபாடாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்தின் மேலும் அதை முதன்முதலில் பெற்றவரின் பெயரும் ஏக்கர் கணக்கும் எழுதியிருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைதிகளை ஏற்றிவந்த கப்பல்கள் 1788 ஜனவரி 26-ல் சிட்னித் துறையில் நங்கூரம் பாய்ச்சின. ஜூன் 4, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள். அன்றைய கொண்டாட்டத்தில் கவர்னர் ஆர்தர் பிலிப் அந்த நிலப்பரப்புக்குக் கம்பர்லேண்ட் கவுண்டி என்று பெயர் சூட்டினார். ஆஸ்திரேலியாவிலேயே முதல் கவுண்டி அதுதான். வடக்கே புரோக்கன் பே, தெற்கே பாட்டனி பே, மேற்கே கார்மார்தன், லான்ஸ்டவுன் மலைகள் என்று எல்லை சொன்னார்கள். அந்த மலைகளில் அதுவரை ஒரு வெள்ளைக்காரரும் கால் வைத்ததில்லை. ஏப்ரல் மாதத்தில் தூரத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்ததோடு சரி. அளக்காத நிலம், ஏறாத மலை எல்லை, அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எல்லைக்கல் நடும்போது நான்கு பக்கத்து நிலக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திப் பழகிய எனக்கு, இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும்.

எல்லை தரைக்கு இறங்கியது பிறகுதான். 1789-ல் மேற்கே நேப்பியன் ஆற்றைக் கண்டார்கள். அதே வருடம் வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றில் படகில் போய்ப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே ஆறு என்று உறுதியானது 1791-ல். அந்த ஆறு மலையடிவாரத்தை ஒட்டி வடக்கே ஓடி, பிறகு கிழக்கே திரும்பிப் புரோக்கன் பேயில் கடலோடு சேர்கிறது. மேற்கிலும் வடக்கிலும் கவுண்டிக்கு எல்லை அந்த ஆறு. தெற்கே நேப்பியனில் வந்து விழும் கேட்டராக்ட் ஆறு, கிழக்கே கடல். ஆற்றுக்கு அக்கரையில் மேற்கே குக், வடக்கே நார்தம்பர்லேண்ட், தெற்கே கேம்டன் கவுண்டிகள். இன்றைய சிட்னி மாநகரம் அநேகமாக முழுதும் இதற்குள் அடங்கிவிடும். பரப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கவுண்டியின் நடுவில் களிப்பாறை மக்கி உண்டான மண்ணோடு ஒரு சமவெளி, அதன் பெயரும் கம்பர்லேண்ட்தான். வடக்கிலும் தெற்கிலும் துறைமுகத்தைச் சுற்றியும் மணற்கல் மேடு. வந்தவர்கள் இறங்கியது மணற்கல்லில், அதனால் முதல் விளைச்சல் தேறவில்லை. அந்த நவம்பரிலேயே ஆற்றோடு மேலேறிப் பரமட்டாவில் பண்ணை போட்டார்கள். அப்படியும் பட்டினி தீரவில்லை. கல்கத்தாவுக்கு ஒரு கப்பலை அனுப்பினார்கள், அது 1792-ல் அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. சிட்னியில் பருப்புச் சோறு அன்றைக்கே தொடங்கிவிட்டது டீச்சர்.

நிலம் கொடுத்த கணக்கு இப்படி. தண்டனை முடிந்த கைதிக்கு 30 ஏக்கர், மனைவி இருந்தால் இன்னும் 20, பிள்ளை ஒன்றுக்கு 10. பரமட்டாவில் ஜேம்ஸ் ரூஸ் என்பவருக்கு முதலில் 30 ஏக்கர் கிடைத்தது. 1791-ல் பிராஸ்பெக்ட் குன்றின் அடிவாரத்திலும் தண்டனை முடிந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். உங்கள் மகள் வீட்டுப் பாரிஷ் பெயர் அந்தக் குன்றின் பெயர்தான். 1831-ல் இலவசம் நின்று ஏலம் வந்தது, ஏக்கருக்குக் குறைந்தது 5 ஷில்லிங்.

அதற்குள் மலையைத் தாண்டி ஆட்கள் போய்விட்டார்கள். குடியேற்றத்தைக் கட்டுக்குள் வைக்க, 1829-ல் கவர்னர் டார்லிங் 19 கவுண்டிகளைக் காட்டி, இதற்கு வெளியே யாரும் நிலம் எடுக்கக் கூடாது என்றார். தலைமை சர்வேயர் தாமஸ் மிட்செல் அந்த 19-க்கும் வரைந்த படம் 1834-ல் வெளிவந்தது. அந்தப் படத்தில் ஒவ்வொரு மலைமடிப்பையும் தீட்டியிருக்கும் நேர்த்தியைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. ஆனால் ஆட்டு மந்தை வைத்திருந்தவர்கள் உத்தரவை மதிக்கவில்லை, எல்லைக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாநிலம் முழுவதையும் 141 கவுண்டியாகப் பிரித்து முடித்தார்கள்.

கவுண்டிக்குள் பாரிஷ், கம்பர்லேண்டில் மட்டும் 57. பாரிஷுக்குள் போர்ஷன் எண், நம் சர்வே எண் போல. கவுண்டிக்கென்று கலெக்டரோ தாசில்தாரோ கிடையாது. நிலத்துக்கு விலாசம் சொல்வதுதான் அதன் வேலை. 1945 முதல் 1963 வரை கம்பர்லேண்ட் கவுண்டி கவுன்சில் என்று ஒரு நகரத் திட்ட அமைப்பு இருந்தது. சிட்னியைச் சுற்றிப் பசுமை வளையம் விட வேண்டும் என்று திட்டம் போட்டது, 1951-ல் அது சட்டமும் ஆனது. வீட்டு மனைக்கு நெருக்கடி வந்ததும் வளையத்தில் பெரும்பகுதி போய்விட்டது. நல்ல திட்டம், காப்பாற்றியிருக்கலாம்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். நம் ஊரில் சார் பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது, ஆனால் நிலம் உங்களுடையதுதான் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று தேடி அலைகிறோம். அங்கேயும் ஆரம்பத்தில் இதே பாடுதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. நியூ சவுத் வேல்ஸில் 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு கொடுத்த நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்த முறைக்கு மாற்றினார்கள். கம்பர்லேண்ட் மூத்த கவுண்டி என்பதால் அப்படிப்பட்ட பழைய நிலம் அங்கே ஏராளம்.

2021 அக்டோபர் 11 முதல் காகித உரிமைச் சான்றையே அந்த மாநிலம் நிறுத்திவிட்டது. கையில் பத்திரம் தரவில்லை என்பது உண்மைதான், முறையும் அதுதான். பதிவேட்டு நகலில் மகள் பெயரும் மருமகன் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா, எந்த வங்கியின் அடமானம் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர்:

அண்ணாச்சி, மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். பத்திர விஷயத்தில் மனசு அமைதியாகிவிட்டது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்று என்னை விடவில்லை. அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றீர்களே, அவர்கள் யார்? என்ன ஆனார்கள்? என் பேரப்பிள்ளைகள் விளையாடப் போகும் மண், அதனால் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் மனை 550 சதுர மீட்டர் என்கிறாள். நம் கணக்கில் எத்தனை சென்ட்?

குளச்சல் டு பிளாக்டவுன்:

டீச்சர், நான் குளச்சல். குடும்பத்தோடு பிளாக்டவுனில்தான் இருக்கிறேன். சர்வேயர் சார் எழுதியதைப் படித்ததில் ரொம்ப சந்தோஷம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தச் சமவெளி டாருக் மக்களுடையது. தெற்கே தராவல் மக்கள். கப்பல் வந்த மறுவருடமே, 1789-ல், துறைமுகத்தைச் சுற்றி பெரியம்மை பரவி ஏராளமானோர் இறந்தார்கள். மிஞ்சியவர்களின் ஆற்றோரக் கிழங்குக் காடுகள்தான் ஹாக்ஸ்பரியில் குடியேறியவர்களின் சோளக்கொல்லை ஆயின. சாப்பாடு விளைந்த இடத்தை இழந்தவர்கள் அந்தச் சோளத்தை எடுத்தபோது திருட்டு என்று சுட்டார்கள். சண்டை அப்படித்தான் மூண்டது. பெமல்வோய் என்ற வீரர் பல வருடம் எதிர்த்து நின்றார். 1797-ல் பரமட்டாவில் குண்டடி பட்டும் பிழைத்தார், 1802-ல் சுட்டுக்கொன்றார்கள். பிராஸ்பெக்ட் குன்று இருக்கும் குடியிருப்புப் பகுதிக்கு இப்போது அவர் பெயர்தான். 1805 மே மாதம் அந்தக் குன்றின் பக்கத்தில்தான் டாருக் பெண்கள் முன்னின்று சமாதானப் பேச்சுக்கு வழி செய்தார்கள்.

சமாதானம் நிலைக்கவில்லை. 1816 ஏப்ரல் 17-ல் கவர்னர் மக்வாரி அனுப்பிய சிப்பாய்கள் ஆப்பின் என்ற இடத்தில் இரவில் ஒரு முகாமை வளைத்தார்கள். குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு, சிலர் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தார்கள். சர்வேயர் சார் தெற்கெல்லை என்று சொன்னாரே, அதே கேட்டராக்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. நான் அங்கே போயிருக்கிறேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பிளாக்டவுன் என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெள்ளைக்காரப் பழக்கவழக்கத்தில் வளர்க்க, பரமட்டாவில் 1815-ல் ஒரு பள்ளி திறந்தார்கள். 1823-ல் அதை இந்தப் பக்கம் மாற்றினார்கள். அதனால் வந்த பெயர்தான் இது. அதே வட்டாரத்தில் 1819-ல் கோல்பி என்ற டாருக் மனிதர் பெயரில் 30 ஏக்கர் பதிவானது. பூர்வகுடி ஒருவருக்கு அரசு எழுதிக்கொடுத்த முதல் நிலம் அது. தங்கள் சொந்த மண்ணில் 30 ஏக்கர் கிடைத்ததை அவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பள்ளி இருந்த இடம் 2018-ல் டாருக் மக்களிடமே திரும்பி வந்தது. டாருக் மக்கள் இங்கே இன்றும் இருக்கிறார்கள் டீச்சர். பள்ளிக்கூட விழாவில், நகராட்சிக் கூட்டத்தில் அவர்கள் வந்து வரவேற்றுப் பேசுவதைப் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

மகளுக்கு ஊர் ஞாபகம் வந்தால் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சமவெளியில் காடாக நின்ற மரங்களில் ஒன்று சிவப்பு கம் மரம், இன்னும் அங்கங்கே பூங்காக்களில் நிற்கிறது. நம் தமிழ்நாட்டில் தைலமரம் என்று தோப்புத் தோப்பாக வளர்க்கிறார்களே, மைசூர் கம் என்றும் சொல்வார்கள், அந்த இனமேதான். இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். நம் ஊரில் வளரும் அந்த மரத்துக்கு இந்தக் கரைதான் சொந்த ஊர். இங்கே அந்தக் காட்டில் மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம், சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள்.

வேறு வீடு பார்க்கும் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள். கவுண்டியின் வடமேற்கு மூலையில் வின்ட்சர், ரிச்மண்ட் பக்கம் விலை குறைவு என்று அவசரப்பட வேண்டாம். மலையிடுக்கில் ஹாக்ஸ்பரி ஆறு நெருங்கிப் போவதால் வெள்ளம் வந்தால் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கும். மக்வாரி 1810-லேயே மேட்டுநிலம் பார்த்து ஐந்து ஊர்களை அமைத்தார், வின்ட்சர் அதில் ஒன்று. 1867-ல் அந்த மேட்டையே வெள்ளம் பிடித்தது. 2021-லும் 2022-லும் மறுபடி வந்தது. வெள்ள மட்டம் என்ன என்று நகராட்சியில் எழுதிக் கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

மார்த்தாண்டம்காரன்:

சர்வேயர் அண்ணாச்சிக்கும் குளச்சல் அண்ணனுக்கும் நன்றி. மாமா மகனுக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். அவன் வீட்டு நகலில் 'செயின்ட் ஜான் பாரிஷ், கம்பர்லேண்ட் கவுண்டி' என்று இருக்கிறதாம்.

பூதப்பாண்டி சர்வேயர்:

குளச்சல் தம்பி, நான் எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். கேட்டராக்ட் ஆற்றைப் பற்றி ஒரு விவரம் சேர்க்கிறேன். சிட்னியின் குடிநீருக்காக அதன் குறுக்கே கட்டிய அணை 1907-ல் முடிந்தது. நம் பேச்சிப்பாறை 1906. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே காலத்தில் கல் அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் மகள் பாரிஷில் இருக்கும் பிராஸ்பெக்ட் நீர்த்தேக்கம் இன்னும் பழையது, 1888. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

டீச்சர், 550 சதுர மீட்டர் என்பது 13.6 சென்ட் வரும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், அதால் வகுத்தால் போதும். அங்கே பழைய படங்களில் ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று எண் இருக்கும். ஒரு ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 பெர்ச். கால் ஏக்கர் மனை என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது நம் 25 சென்ட். மகள் மனை பெர்ச் கணக்கில் ஏறக்குறைய 21.7.

அளந்த கருவியும் நாம் பிடித்த அதே கண்டர் சங்கிலிதான்: 66 அடி, 100 கண்ணி, 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அங்கே பழைய தெருக்கள் பலவும் சரியாக ஒரு சங்கிலி அகலம். நாம் மூலையில் கல் நட்டோம். அவர்கள் மூலைக்குப் பக்கத்து மரத்தில் பட்டையைச் செதுக்கி, அம்புக்குறியும் எண்ணும் வெட்டிவைத்தார்கள். மரம் வளர்ந்து காயம் மூடினாலும் உள்ளே எழுத்து இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். மகளிடம் பத்திரத்தில் இருக்கும் பிளான் எண்ணுக்கு உரிய படத்தின் நகலை வாங்கச் சொல்லுங்கள், சிறு கட்டணம்தான். மனையின் நான்கு பக்க அளவும் அதில் இருக்கும். வேலி அந்த அளவுப்படி நிற்கிறதா என்று டேப் பிடித்துப் பார்க்கட்டும். பத்திருபது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன் பதிவு பெற்ற சர்வேயரைக் கூப்பிட வேண்டும். அந்தப் படத்தின் ஓரத்தில் பழைய போர்ஷன் எண் குறித்திருந்தால் இங்கே போடுங்கள். பிராஸ்பெக்ட் பாரிஷ் படத்தில் அது எங்கே வருகிறது, முதலில் யார் பெயரில் கொடுத்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.